மில் கேட்டுக்கு முந்தின ஸ்டேஜ்

அக்டோபர் 3, வெள்ளி

டாக்டரம்மா எழுதச் சொல்லிவிட்டார். தினமும் எவ்வளவு நடந்தேன், மூச்சு வாங்கியதா, நெஞ்சில் ஏதாவது தெரிந்ததா என்று குறித்து வைக்க வேண்டுமாம். இத்தனை வருடம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவனை உட்கார்ந்து எழுதச் சொன்னால் என்னத்தை எழுத?

சரி. இன்று தெருமுனை வரை போய் வந்தேன். மூச்சு வாங்கவில்லை. நெஞ்சில் ஒன்றுமில்லை. விலா எலும்பு மட்டும் வலிக்கிறது. அது நோய் வலி இல்லை. ஜூன் மாதம் நான் பஸ்ஸிலேயே சாய்ந்தபோது யாரோ ஒரு பெண் என் நெஞ்சை அமுக்கி அமுக்கி உயிரை நிறுத்தி வைத்தாளாம். வைத்தவள் எலும்பையும் உடைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எந்த மகராசியோ, நன்றாக இருக்கட்டும். இருமினால்தான் அவள் ஞாபகம் வருகிறது.

சாந்தாமணி கூடவே வந்தாள். கூட என்று எழுதுவது தப்பு, பத்தடி பின்னால் வந்தாள். பக்கத்தில் வா என்றால், "நீங்க முன்னால போங்க. நான் பொறவால வாரன்" என்கிறாள். கல்யாணமான நாளாக இவளுக்கு என்னைவிட வேகமான நடை. இப்போது திடீரென்று நடை தளர்ந்துவிட்டது போல. முட்டிவலியாக இருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

அபு பாய் வந்தார். முழுப்பெயர் அபுதாகிர், எங்கள் வண்டி டிரைவர். பதினோரு வருடமாக ஒரே வண்டியில் அவர் முன்னால், நான் பின்னால். நான் மெடிக்கல் லீவில் படுத்ததிலிருந்து அவருக்கு மாற்றி மாற்றிப் புதுக் கண்டக்டர்கள். ஒருத்தனையும் பிடிக்கவில்லை.

"இப்ப இருக்கறவன் விசில் ஊதுறான் பாரு மூர்த்தி, குக்கர் சத்தம் தேவலை. எப்பப்பா வர்றே?"

"டாக்டர் விடணுமில்ல பாய்."

டிப்போவில் டிசம்பர் முடிவதற்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். மறுபடி லைனுக்குப் போகிறேனா, அல்லது கடைசி வரைக்கும் டிப்போ ஆபீஸில் லைட் டூட்டியா. ஆபீஸ் என்றால் ஃபேன், நாற்காலி, பதினொரு மணிக்கு வடை. எவன் வேண்டாம் என்பான்? ஆனால் ஒரு முறை போய் உட்கார்ந்தால் அப்புறம் பஸ் கிடையாது.

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். டிசம்பர் 21, பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஓடலாம், நடக்கலாம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

"இத நீ நடந்து முடிச்சீன்னா லைனுக்கு வா. முடியலீன்னா ஆபீஸ் சேர்ல உக்காந்துக்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா ஏதாவது ஒண்ணச் செய்யி. இப்படி நடுவால நிக்காத."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "போடுங்க பாய் பேர" என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் அப்படியே நின்றது.

அக்டோபர் 7, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் கேட்டோம். மிஷினில் நடக்க வைத்துப் பார்த்தார். திருப்தி. "நடங்க, ஓடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எப்பவும் கையில இருக்கட்டும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். வேலைக்கும் தாராளமாகப் போகலாமாம், போன மாதமே போயிருக்கலாமாம். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். வண்டியில் நின்று பார்த்தவர்களா அவர்கள்?

சாந்தாமணி அப்போது மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "டூட்டியப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றாள். பார்க்கலாம் என்றார்கள் என்று சொன்னேன்.

அக்டோபர் 11, சனி

ஷூ வாங்கியாயிற்று. கிளிப்பச்சைக் கலர். கடைக்காரன் இதுதான் என் அளவுக்கு இருக்கிறது என்று தலையில் கட்டிவிட்டான். டிராக் பேன்ட் போட எனக்கு வெட்கம், அதனால் காக்கிப் பேன்ட், பச்சை ஷூ. எதிர்வீட்டு நாய் என்னை அடையாளம் தெரியாமல் குரைத்தது. சாந்தாமணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஜூனுக்கு அப்புறம் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஷூவுக்குக் கோடி நமஸ்காரம்.

அக்டோபர் 13, திங்கள்

கணக்குப் போட்டுவிட்டேன். நம்மிடம் இல்லாத கணக்கா? எங்கள் வீடு இருப்பது சந்தைப்பேட்டை ஸ்டாப். அடுத்த ஸ்டேஜ் ரயில்வே கேட். அதற்கடுத்து வாய்க்கால் மேடு. அதற்கும் அடுத்தது மில் கேட். ஸ்டேஜ் என்றால் டிக்கெட் விலை ஏறும் இடம், ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர். ஆக, வாய்க்கால் மேடு போய்த் திரும்பினால் எட்டு. அப்புறம் தெருவில் ஒரு சுற்று வந்தால் பத்து ஆகாதா? இதற்குப் போய்க் கையில் வாட்சு கட்டிக்கொண்டு பீப் பீப் என்று ஊர் சுற்றுகிறார்கள்.

இன்று ரயில்வே கேட் வரை. கேட் போட்டிருந்ததால் ஒரு கூட்ஸ் வண்டி போகும் வரை நின்றேன். நின்றதையும் பயிற்சியில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பாய் வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது ஜூன் மாதக் கதை எடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எனக்கு ஒரு நிமிஷம்கூட ஞாபகம் இல்லை.

மில் கேட் ஸ்டாப்பில் வண்டி நின்றது. ஷிஃப்டு முடிந்த பெண்கள் ஏறினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தேனாம். ரைட் சொல்லவில்லையே என்று பாய் கண்ணாடியில் பார்த்தால் என்னைக் காணவில்லை. யாரோ ஒரு பெண், "அண்ணா, ஆஸ்பத்திரிக்கு உடுங்க" என்று கத்தியிருக்கிறாள். பாய் லைட்டைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு விட்டார். வாய்க்கால் மேடு, ரயில்வே கேட், சந்தைப்பேட்டை எதிலும் நிற்கவில்லை.

"வண்டி நெறையா சனம் மூர்த்தி. மீன் கூடையோட ஒரு அம்மா, கல்யாணத்துக்குப் போற குடும்பம், பரீட்சைக்குப் போற புள்ளைங்க. ஒருத்தர்... ஒருத்தர் எறங்கணும்னு கேக்கல. அவங்கவங்க ஸ்டாப்பு போகுது, பாத்துக்கிட்டே வந்தாங்க. அல்லா சாட்சியா சொல்றேன், அந்தக் கூட்டத்த நெனச்சா எனக்கு இப்பவும் கண்ணுல தண்ணி வருது."

எனக்கும் வந்தது. நாளெல்லாம் சில்லறைக்கும் படிக்கட்டுக்கும் நான் சண்டை போடுகிற சனங்கள். அந்த முகங்களில் ஒன்றைக்கூட எனக்குத் தெரியாது. யாரிடம் போய் என்ன சொல்வது? சாமி கும்பிடும்போது அந்த வண்டியில் இருந்த எல்லோருக்கும் என்று மொத்தமாகக் கும்பிட்டேன்.

சாந்தாமணி ஒரு டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும் கட்டி யாரிடமோ கொடுத்துத் தாட்டிவிட்டாள். யாருக்கு என்றேன். பாக்கியத்துக்காம். தையல் கிளாஸ் சிநேகிதியாக இருக்கும். போனிலும் அவளோடு ஓயாத பேச்சுத்தான்.

அக்டோபர் 29, புதன்

வாய்க்கால் மேடு வந்துவிட்டேன்! போக வர எட்டு கிலோமீட்டர். கால் கெஞ்சுகிறது, நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. மேட்டில் நின்று பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. அந்தப் பக்கம் மில் சுவர் தெரிகிறது. வெயில் ஏறிவிட்டதால் அதோடு திரும்பிவிட்டோம்.

நவம்பர் 3, திங்கள்

வாய்க்கால் மேடு. ராகுகாலம் தொடங்கிவிட்டதால் திரும்பினோம்.

நவம்பர் 6, வியாழன்

வாய்க்கால் மேடு. அதற்கு அப்பால் நாய்த் தொல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வாய்க்கால் மேடு. லாரிகள், ஒரே தூசி. சாந்தாமணி, "நேத்துப் பேஞ்ச மழைக்குத் தூசி எங்கீங்க வந்துச்சு?" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

நவம்பர் 14, வெள்ளி

டிப்போவுக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர், எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன திருமூர்த்தி, முடிவு பண்ணிட்டீங்களா? ஆபீஸ்ல இடம் வெச்சிருக்கேன். லைனுக்கு வந்தாலும் சந்தோசம்" என்றார். டாக்டர் இன்னும் விடவில்லை சார் என்றேன். சாந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியும் நின்றது. ஏறிப் பார்க்கலாம் என்று படிக்கட்டில் ஒரு கால் வைத்தேன். பசங்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள், வேலையைக் கெடுப்பானேன் என்று இறங்கிவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு டாக்டரம்மா பிரஷர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஓட்டத்தை நடத்துகிறவர்களில் ஒருவர் டைல்ஸ் கடை ரங்கராஜ். தினமும் ஓடுகிற ஆள். வழியில் என்னைப் பார்த்து, "நானும் நடக்கறனுங்" என்று சேர்ந்துகொண்டார். எட்டு கிலோமீட்டர் அனாயாசமாக நடக்கிறேன் என்று பெருமையடித்தேன். வாய்க்கால் மேடு போய் வீடு திரும்பியதும் அவர் வாட்சைக் காட்டினார். ஐந்தரைகூட இல்லை.

"வாட்சு ரிப்பேருங்க" என்றேன்.

"புதுசுங்க."

"அரசாங்கம் போட்ட ஸ்டேஜுங்க அது! ஸ்டேஜுக்கு ரெண்டு கிலோமீட்டர். ஒங்க வாட்ச நம்பறதா, அரசாங்கத்த நம்பறதா?"

அவர் சிரித்துக்கொண்டே, "ஓட்டத்தன்னிக்கு அரசாங்கம் ஓடாதுங்களே" என்றார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

பாயிடம் கேட்டேன். வண்டி மீட்டரைப் பார்க்கிறவர் அவர்தானே. "ஏப்பா, ரயில்வே கேட்டுக்கும் வாய்க்கா மேட்டுக்கும் நடுவால எங்க இருக்குது ரெண்டு கிலோமீட்டர்? அந்தக் காலத்துல ரோடு குளத்தச் சுத்திப் போச்சு, அப்ப போட்ட ஸ்டேஜ். ரோட்ட நேராக்குனாங்க, ஸ்டேஜ அப்படியே விட்டுட்டாங்க. இது தெரியாமயா இத்தன வருசம் டிக்கெட் போட்டே?"

தெரியாமல்தான் போட்டேன். இல்லாத தூரத்தை நடந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன். இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பயமாக இருக்கிறது. ஓட்டத்தைச் சொல்கிறேன்.

"பேசாம மில் கேட்டு வரைக்கும் போயிட்டு வாயேன், கணக்குச் சரியா வரும்" என்றார் பாய். எனக்கு வேறு யோசனை இருக்கிறது.

நவம்பர் 26, புதன்

யோசனை என்னவென்றால் பள்ளிக்கூட மைதானம். சுற்றிச் சுற்றி வந்தால் தூரம் தூரம்தானே? ரங்கராஜே வாட்சோடு வந்து அளந்து கொடுத்தார். கதவைச் சாத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாத மனுஷன். சாந்தாமணி பத்தடி பின்னால் வந்தாள். மைதானத்தில் சுற்றும்போது யார் முன்னால், யார் பின்னால் என்றே தெரியவில்லை. பி.டி. வாத்தியார் எங்களைப் பார்த்துவிட்டு, நேர்த்திக்கடனா என்று கேட்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பத்து கிலோமீட்டர். நிஜமான பத்து. வாட்சு சாட்சி. ஒரு மணி ஐம்பது நிமிஷம். தலை சுற்றியது, அது வட்டமாகச் சுற்றியதால். நெஞ்சு கல் மாதிரி இருக்கிறது. என்னைத் தூக்கி வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் அறுத்துச் சேர்த்தவர்கள், பத்தியச் சோறு போட்டவள், எல்லோரையும் நினைத்துக்கொண்டு மைதான மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன். இந்த உடம்பு என் சம்பாத்தியமே இல்லை.

ரங்கராஜ் ஓட்டப் பாதையின் படத்தைக் கொடுத்தார். பாதை மில் கேட் வழியாகப் போய் மில் கேட் வழியாகவே திரும்புகிறது.

டிசம்பர் 8, திங்கள்

நடக்கவில்லை. மழை.

டிசம்பர் 9, செவ்வாய்

நடக்கவில்லை. மழை.

டிசம்பர் 10, புதன்

மழை இல்லை. நடக்கவில்லை.

டிசம்பர் 13, சனி

வாய்க்கால் மேடு வரை போனேன். மேட்டிலிருந்து இறங்கினால் மில் சுவர், சுவர் முடிகிற இடத்தில் கேட், கேட்டுக்கு எதிரே ஸ்டாப். ஒரு ஸ்டேஜ்தான். இறங்கலாம் என்று நாலு எட்டு வைத்தேன். உள்ளங்கை நனைந்துவிட்டது. காது அடைத்தது. நெஞ்சில் ஒன்றுமில்லை, அதை எழுதியே ஆக வேண்டும், நெஞ்சில் ஒன்றுமே இல்லை. கால்தான் போகவில்லை.

"சித்த தூரந்தானுங்களே" என்றாள் சாந்தாமணி பின்னாலிருந்து.

"நீ விழுந்திருந்தாத் தெரியும்" என்று கத்திவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பி நடந்தபோது வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், அப்புறம் பத்தடி விட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவளுக்கு முட்டிவலி ஒன்றும் இல்லை. மைதானத்தில் பத்து கிலோமீட்டரும் என் பின்னாலேயே வந்தாள், ஒரு முறைகூடக் காலைப் பிடித்து விடவில்லை. பக்கத்தில் நடந்தால் நான் சாய்வது தெரியாமல் போய்விடும் என்றுதான் பின்னால் வருகிறாள். இது எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 20, சனி

நம்பர் துணி கொடுத்துவிட்டார்கள். பனியன் நீலக் கலர். காக்கி, நீலம், கிளிப்பச்சை. கடவுளே.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லி. சாந்தாமணி தன் பர்ஸைத் திறந்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைப் பட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஜூனிலிருந்து அது அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. "நாளைக்கு நீங்களே வெச்சுக்கோங்க. நான் முடியற எடத்துல நிக்கறன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தட்டில் எனக்கு வைத்த சட்னியை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

முடிகிற இடம். முடிந்தால்தானே.

டிசம்பர் 21, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

காலை ஆறு மணிக்கு விட்டார்கள். ஓடுகிறவர்கள் எல்லாம் புகையாகப் போய்விட்டார்கள். கடைசியில் நான், இரண்டு பெரிய மனுஷிகள், வயிறு பெருத்த ஒரு வக்கீல். அதற்கும் பின்னால் ஆம்புலன்ஸ். அது ஊர்ந்து ஊர்ந்து வருவதைக் கேட்டுக்கொண்டே நடப்பது பெரிய தண்டனை. டிரைவரிடம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி வாப்பா, உன்னப் பாத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றேன். அவன் பயந்துபோய் வண்டியையே நிறுத்திவிட்டான்.

ரயில்வே கேட் தாண்டி வாய்க்கால் மேடு வரை ஒன்றுமில்லை. வக்கீல் கேஸ் கதை சொல்லிக்கொண்டு வந்தார். மேட்டில் இறங்கும்போது நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவர் கொஞ்ச தூரம் பேசிப் பார்த்துவிட்டு முன்னால் போனார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பத்தடியில் யாரும் இல்லை.

மில் சுவர் முடிந்தது. கேட். எதிரே ஸ்டாப். ஸ்டாப் நிழற்குடையில் மேஜை போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மில்லிலிருந்து வந்த பெண்கள். நான் நின்றுவிட்டேன். நின்றேன் என்பதைவிட, கால் நின்றுவிட்டது. பெரிய மனுஷிகள் இருவரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். ஆபீஸ் நாற்காலி. திரும்பிவிடலாம், பாய் ஒரு வார்த்தை கேட்க மாட்டார், சொல்லியிருக்கிறார். மேனேஜரும் நல்ல மனிதர். மாத்திரைப் பட்டையைப் பாக்கெட்டுக்குள்ளேயே கசக்கிக்கொண்டிருந்தேன்.

மேஜையிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், கனத்த தேகம், மில் மேல்சட்டை. தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

"குடிங்க. குடிச்சுட்டு நடங்க. நிக்காதீங்க."

"இல்லீங்கம்மா... எனக்கு இந்த எடத்துல..."

"தெரியுங்க. நாந்தானுங்க அமுக்குனது."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காற்றில் அமுக்கிக் காட்டினார்.

இருபத்தைந்து வருடமாகப் பேசியே பிழைத்த வாய் எனக்கு. ஒரு பஸ் சனத்தை ஒரு அதட்டலில் உள்ளே தள்ளுகிறவன். அந்த நேரத்தில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "எலும்ப ஒடச்சது நீங்கதானா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மில்லுல பொம்மைய வெச்சுத்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க. பொம்மைக்கு எலும்பு ஒடையாதுங்களே, எனக்கு அளவு தெரியாமப் போச்சு. உங்க வூட்டம்மா என்னைப் பாத்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, எலும்பு போனாப் போவுது பாக்கியம், ஆளு இருக்காரேன்னு."

பாக்கியம். முறுக்கு டப்பா பாக்கியம். போன் பாக்கியம்.

தனபாக்கியம் என்று பெயராம். நான் ஐ.சி.யூ.வில் கிடந்தபோதே சாந்தாமணி மில் கேட்டில் வந்து நின்று, ஷிஃப்டு விட்டு வருகிற ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக் கேட்டு இவரைக் கண்டுபிடித்திருக்கிறாள். அன்றிலிருந்து சிநேகிதம். நான் ஆறு மாதமாகப் போகாத இடத்துக்கு அவள் முதல் வாரமே வந்திருக்கிறாள்.

"அக்காதானுங்க சொன்னாங்க, நீங்க இங்க வந்து நின்னுருவீங்க, கொஞ்சம் பாத்துக்கன்னு. அதுக்குத்தான் தண்ணி குடுக்கறதுக்குப் பேர் குடுத்தேன். நடங்க. மறுக்கா அமுக்க வெச்சுராதீங்க, எனக்குக் கை வலிக்குது."

நான் அழுதேன். பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். மேஜையில் இருந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வண்டியில் இருந்தார்களோ. ஒருத்தி, "அண்ணா, எங்களையெல்லாம் படியில நிக்காத, உள்ள போன்னு வெரட்டுவீங்க, இன்னிக்கு நீங்க நிக்கறீங்க" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

தனபாக்கியம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கூடவே நடந்தார். பின்னால் இல்லை, பக்கத்தில். ஸ்டாப்பைத் தாண்டினோம். கேட்டைத் தாண்டினோம். என்ன பேசினோம் என்று கேட்டால், அவர் மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொன்னார், நான் என் ஷூ எங்கே வாங்கியது என்று சொன்னேன். அடுத்த திருப்பத்தில், "இனி போயிக்குவீங்களா?" என்றார். தலையாட்டினேன். அவர் தண்ணீர் கொடுக்கத் திரும்பிவிட்டார்.

திரும்பி வரும்போது மறுபடி அதே இடம். நான் நிற்கவில்லை. அந்தப் பெண்கள், "போலாம் ரைட்!" என்று கோரஸாகக் கத்தினார்கள். என் கிண்டலை எல்லாம் எனக்கே திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் காத்திருந்தார்களோ.

வக்கீலை ரயில்வே கேட்டில் பிடித்து முந்திவிட்டேன். இதைப் பெரிதாக எழுத வேண்டும், ஆனால் கை வலிக்கிறது. இரண்டு மணி நேரம் ஆக நாலு நிமிஷம் இருந்தபோது முடித்தேன். பாய் தன் வெள்ளைச் சட்டையோடு என்னைக் கட்டிப் பிடித்து வியர்வையெல்லாம் பூசிக்கொண்டார். ரங்கராஜ் கழுத்தில் மெடலைப் போட்டார்.

சாந்தாமணி ஓரத்தில் நின்றாள். கிட்டே போய், "நீ சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா? டாக்டரு டூட்டிக்குப் போகச் சொன்னதை?"

அன்று அவள் மருந்து வாங்கப் போகும் முன்பே டாக்டரம்மா அவளிடம் சொல்லிவிட்டாராம். அக்டோபரிலிருந்து தெரியும். "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தன். பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க கொறஞ்சு போவுது? எனக்கும் நெம்பப் பயந்தான்" என்றாள். அப்புறம் என் கழுத்து மெடலை நேராக்கினாள், அது நேராகத்தான் இருந்தது.

பயமாக இருந்தது என்று சொன்னேன். நடுரோட்டில், கூட்டத்துக்கு நடுவில், சத்தமாகவே சொன்னேன். வீடு வரை பக்கத்துப் பக்கத்தில் நடந்து வந்தோம். இவள் நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

லைனுக்கே வருகிறேன் என்று டிப்போவில் சொல்லிவிட்டேன். கால் இரண்டும் கட்டை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

இன்று டூட்டி. முதல் ட்ரிப். சாந்தாமணி சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

பாய் வண்டியை எடுக்கும் முன் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் விசில் கொடுத்தேன். அப்போதும் பார்த்தார். "என்ன பாய், முகூர்த்த நேரம் பாக்கறீங்களா, எடுங்க" என்றேன்.

ஊர்க் கடைசி வரை போய்த் திரும்பி வரும்போது மில் கேட். ராத்திரி ஷிஃப்டு முடிந்து பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். தனபாக்கியமும் ஏறினார். கண்ணெல்லாம் சிவந்து, தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம். அரசாங்கம் எல்லோருக்கும் கொடுத்ததைத்தான் நானும் அவருக்குக் கிழித்துக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும் என்னால்? வண்டியில் உட்கார ஒரு இடம் இல்லை.

என் சீட் இருந்தது. பின்வாசல் பக்கத்துக் கண்டக்டர் சீட். அதில் என் பையைத் தவிர யாரையும் உட்கார விட்டதில்லை. அதற்காக நான் போட்ட சண்டைகள் ஊருக்கே தெரியும்.

"உக்காருங்க" என்றேன்.

"ஐயோ, அது உங்க சீட்டுங்க."

"உக்காருங்கம்மா. எனக்கு நின்னுதான் பழக்கம்."

உட்கார்ந்தார். வாய்க்கால் மேடு வருவதற்குள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜூன் மாதம் விழுந்த அதே இடத்தில் நின்றேன். டிக்கெட் கிழிக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கேதான் நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், "என்னய்யா, கண்டக்டர் சீட்ட எல்லாத்துக்கும் குடுப்பியா?" என்றார். எல்லோருக்கும் கிடையாது என்றேன்.

நன்றி என்று அந்த அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் உள்ளே போங்க, முன்னால போங்க என்றுதான் வருகிறது. அதனால் நாளைக்கும் மில் கேட்டிலிருந்து நின்றுகொண்டேதான் வருவேன்.